கருவியின்றி நின்ற கலைஞர்

வீணை வாசிப்பவருக்கு வீணை வேண்டும். குழல் ஊதுபவருக்குக் குழல் வேண்டும். வறியவர்கூடப் பழைய வயலின் ஒன்றைத் தேடிப் பெற்று, நான்கு சுவர்களுக்குள் அமர்ந்து பயின்று தேர்ந்துவிடலாம். கேட்பார் இல்லாவிடினும் அங்கே இசை பிறக்கும். ஆனால் மேலை இசையுலகில் 'இசை நடத்துநர்' என்றொரு கலைஞர் இருக்கிறார். அவர் கையில் இருப்பது ஓசை எழுப்பாத சிறு கோல் மட்டுமே. அவருடைய கருவி மரத்தாலோ உலோகத்தாலோ ஆனதன்று. எண்பது, தொண்ணூறு மனிதர்களால் ஆனது. அம்மனிதர்கள் அவர்முன் வந்து அமர்ந்தாலன்றி, எத்துணை மேதையாயினும் அவரால் ஒரு சுரத்தையும் ஒலிக்கச் செய்ய இயலாது.

அதனால்தான் ஓர் இசை நடத்துநருக்கு வாய்ப்பை மறுப்பது, வீணைக் கலைஞரின் கையிலிருந்து வீணையைப் பறிப்பதற்கு ஒப்பாகும். மேலை நாடுகளில் பல தலைமுறைப் பெண்களுக்கு இந்த மறுப்பே விடையாகக் கிடைத்தது. மறுப்புக்குத் தலைவணங்காமல், தமக்கெனவும் தம்மைப் போன்ற பெண் கலைஞர்களுக்கெனவும் ஒரு கருவியைத் தாமே ஆக்கிக்கொள்ள முற்பட்டவர் அந்தோனியா பிரிக்கோ அம்மையார். அவர் வென்றாரா, தோற்றாரா என்ற வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. அவ்வினாவுடனேயே அவருடைய வாழ்வை நோக்குவோம்.

பெயரும் பிறப்பும்

அந்தோனியா பிரிக்கோ 1902ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் ஹாலந்து நாட்டின் ரோட்டர்டாம் துறைமுக நகரில் பிறந்தார். தாய் மணமாகாதவர். குழந்தை வளர்ப்புப் பெற்றோரிடம் சேர்ந்தது. அவர்கள் அதற்கு வில்ஹெல்மினா வோல்ட்ஹூயிஸ் என்று வேறு பெயர் சூட்டினர். 1908இல் அக்குடும்பம் கடல் கடந்து அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலுள்ள ஓக்லண்டில் குடியேறியது. அன்பு மிகுந்த இல்லமாக அது அமையவில்லை என்பதை அவர் முதுமையிலும் மறவாது குறிப்பிட்டதுண்டு. தம் உண்மைப் பெயரைப் பின்னாளில் அறிந்துகொண்டதும் அதையே ஏற்று, இறுதிவரை அப்பெயராலேயே வாழ்ந்தார்.

இசை அவர் வாழ்வில் நுழைந்த வழி வேடிக்கையானது. குழந்தைக்கு நகம் கடிக்கும் பழக்கம் இருந்தது. அதனைப் போக்கப் பியானோ கற்பிக்கலாம் என்று மருத்துவர் ஒருவர் அறிவுரை கூறினார். நகங்களைக் காப்பதற்காகக் கற்கத் தொடங்கிய கலை அவரை முழுமையாக ஆட்கொண்டது. பூங்காவில் நடந்த வாத்தியக் கச்சேரி ஒன்றில் பால் ஸ்டைன்டார்ஃப் என்பவர் கோலேந்தி இசைக்குழுவை நடத்துவதைச் சிறுமி கண்டாள். தான் ஆக வேண்டியது என்ன என்பது அன்றே அவள் உள்ளத்தில் உறுதிப்பட்டுவிட்டது.

1919இல் பள்ளிப் படிப்பையும், 1923இல் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகப் படிப்பையும் முடித்தார். நியூயார்க்கில் சிகிஸ்மண்ட் ஸ்டோயோவ்ஸ்கியிடம் பியானோ பயின்றார். ஆயினும் நெஞ்சம் நாடியது கோலையே. அக்கலையின் தலைவாயில் அந்நாளில் ஜெர்மனி. 1927இல் பெர்லின் அரசு இசைக் கல்விக்கூடத்தின் இசை நடத்துநர் உயர்வகுப்பில் சேர்ந்து, 1929இல் தேறினார். புகழ்பெற்ற நடத்துநர் கார்ல் மூக்கிடம் பல ஆண்டுகள் மாணவியாய் இருந்து நுட்பங்களைக் கற்றார்.

கோலின் பணி

கூட்டிசை நிகழ்ச்சியைக் காணும் புதியவருக்கு, நடத்துநர் காற்றில் கைகளை அசைத்துக்கொண்டிருப்பதாகவே தோன்றும். உண்மையில் அவருடைய பணியின் பெரும்பகுதி நிகழ்ச்சிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. வயலின் முதல் பெருமுரசு வரை ஒவ்வொரு கருவிக்கும் உரிய சுரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்ட தடித்த ஏட்டினை அவர் உள்ளத்தில் பதிக்க வேண்டும். எங்கே விரைவு, எங்கே தளர்வு, எக்கருவி ஓங்க வேண்டும், எக்கருவி அடங்க வேண்டும் என்பனவற்றை முடிவு செய்து, ஒத்திகைகளில் அம்முடிவைக் கலைஞர்கள் ஏற்கச் செய்ய வேண்டும். அவரவர் கருவியில் அவரினும் தேர்ந்தவர்களை ஒரே எண்ணத்தின்கீழ்க் கொண்டுவருவதே அவர் கடமை.

பெண்கள் இப்பணிக்கு உரியவர் அல்லர் என்று கூறப்பட்டதன் காரணமும் இதுவே. இசையறிவில் குறை காண இயலாதவர்கள் அதிகாரத்தில் குறை கண்டனர். எண்பது ஆண்கள் ஒரு பெண்ணின் கையசைவுக்குக் கட்டுப்படுவதா என்பதே மறைந்திருந்த வினா. வெளியே சொல்லப்பட்ட காரணம் வேறு: 'உமக்கு அனுபவம் போதாது.' மேடை கொடுக்காமல் அனுபவம் கேட்பது, நீரில் இறங்க விடாமல் நீந்தத் தெரியுமா என்று வினவுவதைப் போன்றது. கருவியை வீட்டில் வைத்துப் பயிலக்கூடிய கலைஞரைவிட நடத்துநரை இவ்வாதம் ஆழமாகக் காயப்படுத்தியது.

பெர்லினும் நியூயார்க்கும்

1930ஆம் ஆண்டு பிப்ரவரியில், 27 வயது நிரம்பிய பிரிக்கோ, உலகப் புகழ்பெற்ற பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்தினார். செய்தித்தாள்கள் பாராட்டின. அதே ஆண்டு அமெரிக்கா திரும்பி, லாஸ் ஏஞ்சலிஸின் ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கிலும் நடத்தினார். கதவுகள் திறந்துவிட்டன என்றே எவரும் எண்ணியிருப்பர்.

அப்போது பெரும் பொருளாதார வீழ்ச்சி அமெரிக்காவை வாட்டிக்கொண்டிருந்தது. வேலையிழந்த இசைக் கலைஞர்களுக்கு ஊதியம் கிடைக்கும் வண்ணம் நியூயார்க்கில் ஓர் இசைக்குழு அமைக்கப்பட்டது. 1933இன் தொடக்கத்தில் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா மாளிகையில் அக்குழுவின் இரு நிகழ்ச்சிகளைப் பிரிக்கோ நடத்திப் பாராட்டுப் பெற்றார். மூன்றாவது நிகழ்ச்சியும் ஏற்பாடாகியிருந்தது. அதில் பாட வேண்டியவர் புகழ்மிக்க பாடகர் ஜான் சார்ல்ஸ் தாமஸ். ஒரு பெண்ணின் கோலுக்கு இசைந்து பாட அவர் மறுத்துவிட்டார். நிகழ்ச்சி கைவிடப்பட்டது. அப்பெண் தவறிழைத்தார் என்றோ, இசை பிழைபட்டது என்றோ எவரும் கூறவில்லை. இரு முறை தகுதியை மெய்ப்பித்த பின்னரும் மூன்றாம் முறை அவருக்குக் கிட்டவில்லை.

மகளிர் இசைக்குழு

ஒரு வாயில் அடைபட்டபோது பிரிக்கோ மற்றொன்றைத் தாமே அமைத்தார். 1934இல் நியூயார்க் மகளிர் சிம்பொனி இசைக்குழுவை நிறுவினார். அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் அம்முயற்சிக்கு ஆதரவு நல்கியோருள் ஒருவர். 1935 பிப்ரவரியில் குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தேறியது.

இதன் நோக்கம் பிரிக்கோவுக்கு ஒரு மேடை தேடுவது மட்டும் அன்று. பெண்கள் பியானோவும் யாழும் வாசிப்பதைச் சமுதாயம் விரும்பியது. அவை இல்லத்தின் கூடத்துக்கு அணி சேர்ப்பன. வயலினையும் ஓரளவு பொறுத்துக்கொண்டது. ஆனால் எக்காளம், டிரம்போன், டபுள் பாஸ், பெருமுரசு ஆகியவை பெண்ணின் முகத்தோற்றத்துக்கும் உடல்வலிமைக்கும் ஒவ்வாதவை என்று கருதப்பட்டது. இசைக் கல்லூரிகள் பெண்களிடம் கட்டணம் பெற்றுக் கற்பித்தன; பட்டமும் தந்தன; பட்டம் பெற்று வெளியே வந்தவர்களைப் பெரும் இசைக்குழுக்கள் ஏற்கவில்லை. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் 1922இல் ஸ்டெஃபனி கோல்ட்னர் என்ற யாழ்க் கலைஞரைச் சேர்த்திருந்தது. அதுவும் ஒரு விதிவிலக்காகவே நின்றது.

இந்நிலையில் முழு இசைக்குழு ஒன்றை மேடையில் அமர்த்தி, ஒவ்வொரு கருவியின் பின்னும் ஒரு பெண்ணை நிறுத்திக் காட்டினார் பிரிக்கோ. வாதத்துக்கு வாதம் அன்று. வாதத்துக்குச் செயலே மறுமொழி. அவர் தனியாகவும் இருக்கவில்லை. அவருக்கு முன்பே எத்தல் லெகின்ஸ்கா நியூயார்க்கில் கோலேந்தியதோடு பாஸ்டனிலும் சிகாகோவிலும் மகளிர் குழுக்களை நடத்தியிருந்தார். ஃப்ரெடரிக் பெட்ரிடிஸ் 1933இல் மகளிர் குழுவொன்றைத் தொடங்கி, 1935 முதல் பெண் இசைக் கலைஞர்களைப் பற்றியே ஓர் இதழும் நடத்தினார். ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. 1937இல் ஹொசே இத்தூர்பி என்ற பெரும் பியானோக் கலைஞரே, பெண்கள் இசையில் ஆண்களின் உயரத்தை எட்ட இயலாதவர்கள் என்று பொதுவெளியில் கூறினார்.

1938 ஜூலையில் நியூயார்க்கின் லூயிசன் அரங்கில் பிரிக்கோ நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தினார். அக்குழுவை நடத்திய முதற் பெண் அவரே. இவ்வேளையில் அவர் மனத்தில் வேறோர் எண்ணம் முதிர்ந்திருந்தது. பெண்கள் வாசிக்க வல்லவர்கள் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. இனி அவர்களைத் தனியே நிறுத்துவது ஏன்? ஆணும் பெண்ணும் மாந்த வாழ்வில் இணைந்திருப்பது போல இசையிலும் இணைந்திருப்பதே இயல்பு என்று கருதி, ஆண்களையும் குழுவில் சேர்த்தார். 1939 ஜனவரியில் அது பிரிக்கோ சிம்பொனி இசைக்குழு என்று பெயர் மாறியது.

கொள்கை நேரியது, விளைவோ கசப்பானது. மகளிர் மட்டுமே வாசிக்கும் குழு என்ற புதுமையைக் காண வந்தவர்களுக்கு, ஆணும் பெண்ணும் வாசிக்கும் குழு மற்றுமொரு குழுவாகவே பட்டது. புதுமை அகன்றதும் பொருளுதவியும் தளர்ந்தது. குழு நெடுநாள் நிலைக்கவில்லை. இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பெண்களை விந்தைப் பொருளாகக் கண்டு கைதட்டுவதற்கும் அவர்களைச் சமமாக ஏற்பதற்கும் இடையே எவ்வளவு பெரிய இடைவெளி! தனித்து நின்றவரை வியந்து பாராட்டிய அதே கைகள், அருகில் அமர்ந்தபோது விலகிக்கொண்டன.

திருஅவை காட்டும் இரு சான்றுகள்

பெண்கள் நிறைந்த இசைக்குழு 20ஆம் நூற்றாண்டின் புதுமை என்று எண்ணுதல் சரியன்று. வெனிஸ் நகரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக நடைபெற்ற 'பியேத்தா' இல்லத்தை இசை வரலாறு நன்கறியும். 1703இல் அங்கே வயலின் ஆசிரியராக அமர்ந்தவர் அருள்பணியாளர் அந்தோனியோ விவால்டி. அவர் இயற்றிய பல படைப்புகளை முதலில் வாசித்தவர்கள் அவ்வில்லத்துப் பெண்களே. தந்திக் கருவிகளும் துளைக் கருவிகளும் அவர்கள் கையில் விளையாடின. மூத்த பெண்கள் இளையவர்களுக்குக் கற்பித்தனர். கம்பித் தடுப்புக்குப் பின்னே முகம் மறைந்திருந்து அவர்கள் எழுப்பிய இசையைக் கேட்க ஐரோப்பாவெங்குமிருந்து பயணிகள் வந்தனர். தாய் தந்தையற்ற பெண்களுக்கும் ஆசிரியரும் கருவியும் கிடைத்தால் எவ்வளவு உயர முடியும் என்பதற்கு அது சான்று.

மறுபுறச் சான்றும் உண்டு. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் (பியுஸ்) 1903 நவம்பர் 22 அன்று திருவழிபாட்டு இசை பற்றி வெளியிட்ட மடல், பாடகர் குழு வழிபாட்டுப் பணி ஆற்றுவது எனக் கூறி, அதில் பெண்கள் இடம்பெறலாகாது என்றது. மெல்லிய உயர்குரல் தேவைப்படின் சிறுவர்களைப் பாடச் செய்யுமாறும் பணித்தது. இசையின் பாதுகாவலியாகிய ஒரு பெண்ணின், புனித செசிலியாவின், திருநாளன்று வெளியான மடல் அது! 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தம் சுற்றுமடலில் இத்தடையைத் தளர்த்தினார். 1967ஆம் ஆண்டின் திருவழிபாட்டு இசை அறிவுரை, இருபாலரும் அடங்கிய பாடகர் குழுக்களை இயல்பாக ஏற்றது. இன்று நம் பங்குகளில் பெண்குரல் இல்லாத பாடகர் குழுவை எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை. நேற்று தகாதது என்று கருதப்பட்டது இன்று வழிபாட்டுக்கு அழகு சேர்க்கிறது. தடைகளுள் எவை இறைவனுடையவை, எவை காலத்தினுடையவை என்று பிரித்தறிய வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

டென்வர் ஆண்டுகள்

1942இல் பிரிக்கோ கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் குடியேறினார். அந்நகரின் சிம்பொனி இசைக்குழுவை நடத்தும் பொறுப்பு தமக்குக் கிட்டும் என்று நம்பினார், கிட்டவில்லை. பெர்லினையும் நியூயார்க்கையும் கண்டவருக்குக் கிடைத்தது, பகலில் வேறு பணி புரிந்துகொண்டு மாலையில் இசை வாசித்த டென்வர் வணிகர் இசைக்குழுவே. அதை அவர் இகழவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதைப் பேணி வளர்த்தார். அவருக்கு நன்றி பாராட்டும் வகையில் 1969இல் அக்குழு பிரிக்கோ சிம்பொனி எனப் பெயர் பெற்றது. பாஹ் இசைச் சங்கம் ஒன்றும் மகளிர் தந்தி இசைக்குழு ஒன்றும் அவரால் தோன்றின. வாழ்வூதியத்துக்குப் பியானோ கற்பித்தார்.

பெருமைப்படுத்தியவர்கள் இல்லாமல் இல்லை. பின்லாந்தின் இசைமேதை சிபேலியுஸின் அழைப்பின்பேரில் ஹெல்சிங்கியில் இசை நடத்தினார். மறைவல்லுநரும் மருத்துவரும் பாஹ் இசையில் துறைபோகியவருமான ஆல்பர்ட் ஷ்வைட்சரைக் காண ஆப்பிரிக்காவின் லம்பரேனேக்குப் பலமுறை சென்று, அவரிடம் பாஹ் இசையின் நுணுக்கங்களைக் கேட்டறிந்தார். ஆனால் பெரும் இசைக்குழு ஒன்றின் நிலையான தலைமை மட்டும் அவரை நாடி வரவில்லை.

டென்வரில் அவரிடம் பியானோ பயின்ற சிறுமியருள் ஒருத்தி ஜூடி காலின்ஸ். 13ஆம் வயதில் மோட்சார்ட்டின் இரு பியானோப் படைப்பைப் பிரிக்கோவின் குழுவோடு மேடையேற்றியவள். பின்னர் அவள் கிட்டாரை ஏந்தி நாட்டார் பாடகியானது ஆசிரியைக்கு வருத்தமே. ஆயினும் அம்மாணவியே தம் ஆசிரியையை உலகறியச் செய்தார். 1974இல் ஜில் காட்மிலோவுடன் இணைந்து பிரிக்கோவின் வாழ்வை ஆவணப்படமாக்கினார். அப்படம் ஆஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டது. 2003இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பெற்றது.

அப்படத்தில் 70 வயது கடந்த பிரிக்கோ தம் துயரை மறைக்கவில்லை. ஆண்டுக்கு ஐந்து நிகழ்ச்சிகள் தமக்குக் கிடைக்கின்றன என்றும், மாதத்துக்கு ஐந்து நடத்தும் வலிமை தமக்கு இருக்கிறது என்றும் அவர் கூறும்போது, கேட்போர் நெஞ்சம் கனக்கும். பியானோக் கலைஞர் தம் பியானோவைத் தொட்டுக்கொள்ளலாம். தமக்கோ இசைக்குழு வந்து அமர்ந்தாலன்றிக் கருவியே இல்லை என்பதே அவருடைய ஆற்றாமையின் சாரம். படத்தைக் கண்ட இசையுலகம் விழித்தது. 1975இல் நியூயார்க்கின் மோட்சார்ட் விழாவிலும் பிற பெருமேடைகளிலும் நடத்த அழைப்புகள் வந்தன. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டியவை அவை. 1989 ஆகஸ்ட் 3 அன்று டென்வரில், 87ஆம் வயதில் அவர் மறைந்தார்.

வென்றாரா, தோற்றாரா?

இனி நம் வினாவுக்கு வருவோம். 1930இல் பிரிக்கோ நடத்திய பெர்லின் ஃபில்ஹார்மோனிக், ஒரு பெண்ணை உறுப்பினராக ஏற்றது 1982இல். இடையே 52 ஆண்டுகள்! வியன்னா ஃபில்ஹார்மோனிக் 1997இல்தான் முதற் பெண்ணைச் சேர்த்தது. மெட்ரோபாலிட்டன் ஆப்பராவின் ஆப்பரா ஒன்றைப் பெண்ணொருவர் முதன்முதலாக நடத்தியது 1976இல். அவர் சாரா கால்டுவெல். 2007இல் மரின் ஆல்சப் பால்டிமோர் சிம்பொனியின் இசை இயக்குநரானார். அமெரிக்கப் பெருங்குழு ஒன்றின் அப்பொறுப்பில் அமர்ந்த முதற் பெண் அவர். 2023இல் பெர்லின் குழுவின் முதல் வயலின் தலைவர் இருக்கைகளுள் ஒன்றிலும் ஒரு பெண் அமர்ந்தார்.

இம்மாற்றத்தில் ஓர் எளிய திரைச்சீலைக்கும் பங்குண்டு. கலைஞர் தேர்வின்போது வாசிப்பவரைத் திரைக்குப் பின்னே அமர்த்தி, இசையை மட்டும் கேட்டு மதிப்பிடும் முறை 1970களில் அமெரிக்காவில் பரவியது. திரை விழுந்த பின்னர் இசைக்குழுக்களில் பெண்களின் எண்ணிக்கை உயரலாயிற்று. பியேத்தா இல்லத்தில் பெண்களை மறைத்த கம்பித் தடுப்பு, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அவர்களுக்கு நீதி வழங்கும் திரையாக மாறியது. முகத்தைக் காணாதபோது செவி பொய் சொல்வதில்லை. ஆயினும் நடத்துநரைத் திரைக்குப் பின்னே நிறுத்த இயலாது. அவர் எல்லோர் கண்முன்னும் நின்றாக வேண்டும். அதனால்தான் வாசிக்கும் பெண்களுக்குக் கிட்டிய நீதி, நடத்தும் பெண்களுக்கு இன்னும் காலந்தாழ்த்தியே வந்து சேர்ந்தது.

பிரிக்கோவை வாழ்த்தும்போது நாம் ஓர் எளிய ஆறுதலில் தங்கிவிடலாகாது. 'அவர் துன்புற்றார், பின்வந்தோர் பயன்பெற்றனர்' என்று கணக்கை முடித்துவிடுதல் எளிது. ஆனால் அவரிடமிருந்து உலகம் கேட்டிருக்கக்கூடிய, கேளாமலே போன இசைக்கு யார் கணக்குச் சொல்வது? தாலந்து உவமையில் தலைவன், தாலந்தைப் புதைத்தவனைக் கடிந்துகொள்கிறார். பிரிக்கோ தம் தாலந்தைப் புதைக்கவில்லை. ஓயாது பெருக்கவே முயன்றார். புதைத்தவர்கள் பிறர். தம்முடையதைப் புதைத்தவனுக்கே அத்தகைய கடிதல் எனில், பிறருடையதைப் புதைப்போரின் நிலை என்ன?

டென்வரில் அவர் வளர்த்த குழு 2004 முதல் டென்வர் ஃபில்ஹார்மோனிக் என்னும் பெயரைத் தாங்கியது. அவர் மறைந்த பின்னும் அவர் ஆக்கிய கருவி ஒலித்தது. ஆற்றலை அருளுபவர் இறைவன். அதற்கு இடமளிப்பதும் மறுப்பதும் மனிதர் கையில் விடப்பட்டுள்ளன. ஓர் இல்லத்தில், ஒரு பள்ளியில், ஓர் ஆலயத்தில் யாரிடம் வாய்ப்பின் திறவுகோல் இருக்கிறதோ, அவர்களை நோக்கியே பிரிக்கோவின் வாழ்வு பேசுகிறது.